லாபத்தில் நிற்கும் படிகள்

ஆடி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணிக்கு, செவல்பாறைத் தொழிலாளர் மன்றத்து வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் ரவிக்கை தைக்கும் அமலோற்பவம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற, இரண்டு கைகளும் ஓயாமல் நடுங்குகிற காதர் மைதீன், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் பேரிங் சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கைகளால் தரையைத் தள்ளிக்கொண்டு வரும் சைக்கிள் கடைத் தங்கராசு, பிறவியிலேயே பார்வை இல்லாத, பஸ் ஸ்டாண்டில் கடலை மிட்டாய் விற்கிற சுடலைமுத்து, காது கேளாத, வாய் பேசாத இசக்கி, முப்பது வயதாகியும் தாயின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டே நடக்கிற, எதைக் கண்டாலும் கை தட்டிச் சந்தோஷப்படுகிற செல்லக்கனி, அவனுடைய தாய் பூரணம். இந்த ஏழு பேரும் நாடகக் குழு. இவர்களைத் தவிர மன்றத் தலைவர் அருணகிரி, கொத்தனார் வேலாயுதம், லாரி ஷெட்டில் மூட்டை தூக்கும் மாடசாமியும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும். ஆக மொத்தம் பதின்மூன்று பேர். ஒரு வெள்ளாடும் நின்றது, அது கணக்கில் இல்லை. படிகள் ஏழு.

மன்றம் ஒரு பாறையின் மேல் இருந்தது. உள்ளே போய்விட்டால் மேடை தரையோடு தரையாகத்தான் கிடக்கும், அங்கே ஏறுவதற்கு ஒன்றுமில்லை. வாசலில் இருந்த அந்த ஏழு படிதான் எல்லாம். மூன்று வருஷமாகக் குழு தண்ணீர்த் தொட்டியின் அடியில்தான் நாடகம் பழகியது. தொடங்கச் சொல்ல வேண்டுமென்றால் காதர் மைதீன் இரண்டு விசில் கொடுப்பார். அதே நேரத்தில் இசக்கிக்காக டார்ச் விளக்கை இரண்டு தரம் அடிப்பார். நிறுத்தவென்றால் ஒரு விசில், ஒரு வெளிச்சம். பஸ்ஸிலேயே முப்பது வருஷம் இருந்தவர், இதைத் தவிர வேறு முறை அவருக்குத் தெரியாது, இதைவிட நல்ல முறை அவர்களில் யாருக்கும் தேவைப்படவும் இல்லை. இப்போது தொட்டியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். மன்றத்துக் கமிட்டி இரக்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் தந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: தை இரண்டாம் தேதிக்குள் மன்றத்து மேடையில் ஒரு நாடகம் நடத்திக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழுவின் பெயரை அடித்துவிட்டு மன்றத்தைக் கல்யாண மண்டபமாக ஆக்கிவிடுவார்கள்.

அமலோற்பவத்துக்கு அந்த மேடை வேண்டும். தன் சக்கரத்தில், தன் கையால் சுற்றி, தானே போய் நிற்க வேண்டும். அதற்காகத்தான் கொத்தனாரை வரச் சொல்லியிருந்தாள்.

"ஒரு ஓரத்துல சரிவு கட்டித் தாங்க கொத்தனாரே. வண்டி ஏறுற மாதிரி."

வேலாயுதம் தலையைச் சொறிந்தார். "படின்னா லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்னு எண்ணிக்கிட்டே வந்து கடைசிப் படியை லாபத்துல முடிக்கணும். ஏழு, லாபம். இந்தச் சரிவை நான் எங்க ஆரம்பிச்சு எங்க எண்ணுறது? பூராவும் நஷ்டமாப் போயிட்டா ஊரு என்னையில்ல கேக்கும்?"

"சரிவு எதுக்கும்மா?" என்றார் தலைவர். அவர் குரலில் பாசம்தான் இருந்தது. "நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்? ஒங்களத் தூக்கிட்டுப் போக மாட்டமா? மாடசாமி, அக்காவைத் தூக்கு."

மாடசாமி நல்லவன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டுதான் அவளைத் தொட்டான். இருந்தாலும் நான்கு பேர் கை படுகிறபோது சேலை ஒரு பக்கம் இழுக்கும், ரவிக்கை ஒரு பக்கம் ஏறும், யாருடைய மூச்சோ கழுத்தில் படும். அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டாள். மூட்டைக்கும் கண் இருந்தால் மூடிக்கொள்ளும். தங்கராசு மட்டும், "நான் கீழயே இருந்து என் வசனத்தைச் சொல்லிக்கிடுதேன்" என்று பலகையைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் படிகள் எட்டு இருந்தன.

முதலில் கண்டவள் அமலோற்பவம்தான். அந்தப் படிகளைக் கீழே இருந்து அவளைப் போல அத்தனை நாள் பார்த்தவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. புதிய படி பழைய படியைப் போலவே தேய்ந்து, ஓரத்தில் பாசி பிடித்து, வெற்றிலைக் கறையோடு இருந்தது. ஊர் வந்து பார்த்தது. கொத்தனார் எண்ணினார். எட்டாவது படி நஷ்டத்தில் முடிந்தது. மன்றம் நஷ்டத்தில் நிற்கலாமா என்று ஊர் இரண்டு நாள் கவலைப்பட்டது. புதன்கிழமை கொத்தனாருக்கு யோசனை வந்தது: "ஒருத்தரைத் தூக்குனதுக்கு ஒரு படி வந்திருக்கு. இன்னொருத்தரைத் தூக்குனா ஒம்பதாயிரும்." உடனே சைக்கிள் கடைக்குப் போய், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த தங்கராசைக் கையில் பசையோடு தூக்கி வந்து மேலே வைத்துவிட்டு, திரும்பக் கொண்டு போய்க் கடையில் விட்டார்கள். வியாழக்கிழமை படிகள் ஒன்பது. ஊர் நிம்மதியாகக் காப்பி குடித்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேரையும் தூக்கினார்கள், ஒவ்வொரு திங்கட்கிழமையும் இரண்டு படி கூடியது. ஆவணி பிறக்கும்போது பதின்மூன்று, புரட்டாசி பிறக்கும்போது இருபத்தொன்று, அது முடிகிறபோது இருபத்தொன்பது. படிகள் கூடக் கூட மன்றம் மேலே போனது, மேலே போகப் போக அதன் வாசல் விளக்கு பக்கத்து ஊர் பஸ்ஸுக்குத் தெரிந்தது, டிரைவர்கள் அதைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள். மின்வாரியத்துக்காரர்கள் கம்பத்தை நகர்த்தினார்கள். தபால்காரர் முதல் படியில் ஒரு பெட்டி வைத்து மன்றத்துக் கடிதங்களை அதில் போட்டுவிட்டு நடந்தார். இருபதாவது படியில் ஒரு அம்மாள் சுக்குக் காப்பி போட்டாள், படி கூடக் கூட அவளும் கடையை மேலே மேலே நகர்த்திக்கொண்டே போனாள். வத்தல் காயப் போட்டவர்கள் கீழ்ப் படிகளைக் குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். மாவட்டத்திலேயே உயரமான மன்றம் என்று தலைவர் பலகை எழுதி வைத்தார்.

தூக்கினால் படி வளர்கிறது என்றால் தூக்குகிறவனுக்கும் ஏதாவது வளரத்தானே செய்யும் என்று ஊர் நினைத்தது. பரீட்சை எழுதப் போகிற பையன்கள் தூக்கினார்கள், தேர்தலில் நிற்கப் போகிறவர் தூக்கினார், பெண் அமையாதவர்கள் இரண்டு தரம் தூக்கினார்கள். வாரத்தின் நடுவில், கழுத்து வெட்டிய ரவிக்கைத் துணி கையில் இருக்க, ஊசி வாயில் இருக்க, அமலோற்பவத்தைக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மேலே கழிவறை இல்லை. எந்த நேரம் யார் வந்து தூக்குவார்கள் என்று தெரியாததால் அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். சனிக்கிழமை மாலையிலிருந்து சுத்தமாக நிறுத்தினாள். உதடு வெடித்தது. "பனிக்காத்து" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

குழுவின் வருகை நோட்டு அவளிடம்தான் இருந்தது. தூக்கப்பட்ட தேதியும் பெயரும் அதில் உண்டு. ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து கூட்டினாள். நாற்பத்து நான்கு முறை. பழைய படி ஏழு. ஆக ஐம்பத்தொன்று. எதிரே மன்றத்தைப் பார்த்து எண்ணினாள். ஐம்பத்தொன்று. அவர்களைத் திரும்ப மேலேயிருந்து கீழே தூக்கி வந்ததால் படி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடந்து ஏறி நடந்து வீட்டுக்குப் போனவர்களாலும் கூடவில்லை, குறையவில்லை.

நோட்டைச் சுடலைமுத்துவிடம் வாசித்துக் காட்டினாள். அவன் மிட்டாய்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"அப்ப இவங்க நம்மள மேல கொண்டு போகலக்கா. மேலையத்தான் இன்னும் மேல கொண்டு போறாங்க."

தலைவரிடமும் காட்டினாள். அவர் முழுவதும் படித்துவிட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்றார். "படி கூடுனா என்ன? தூக்க ஊர்ல ஆளா இல்ல?"

நாடகத்தின் பெயர் 'மழைக்கு வந்த சம்மன்'. பெய்யாமல் போன மழையை ஒரு ஊர் கோர்ட்டுக்கு இழுக்கிறது. அமலோற்பவம் நீதிபதி. சுடலைமுத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கோர்ட் டவாலி. இசக்கி சாட்சி, அவள் கைகளால் சொல்லுகிற சாட்சியத்தைப் பூரணம் வாயால் சொல்லுவாள். தங்கராசு மழை. பலகைச் சக்கரங்களை மரத் தரையில் தடதடவென்று உருட்டிக்கொண்டு வருவான்; அதுதான் இடி. அந்த இடி கேட்டதும் செல்லக்கனி திரையை இழுக்க வேண்டும். அவனுக்கு அந்த ஒரு வேலைதான். அதற்காகவே அவன் வாரம் முழுக்கக் கை கழுவிக்கொண்டு காத்திருப்பான்.

மார்கழி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. படிகள் எண்பத்தொன்பது. மாடசாமி தோள் இறங்கிப் போய் வீட்டில் கிடந்தான். கல்லூரிப் பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு தூக்க வந்தார்கள். முதலில் அமலோற்பவத்தை மேலே வைத்தார்கள், அந்தத் தரம் படி திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை, உடனே தொண்ணூறானது. பிறகு தங்கராசைத் தூக்கினார்கள். அறுபதாவது படியில் சுக்குக் காப்பி சிந்திக் கிடந்தது.

மேலே இருந்த அமலோற்பவத்துக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு சத்தம்தான் கேட்டது. பலகை மட்டும் தனியாக, படிக்குப் படி அடித்துக்கொண்டு, தடதடவென்று அடி வரைக்கும் உருண்டு போகிற சத்தம். திரையின் பின்னால் நின்ற செல்லக்கனி மழை வந்துவிட்டதென்று சந்தோஷமாகக் கயிற்றை இழுத்துத் திரையைத் திறந்து, கை தட்டினான். வெகு நேரம் தட்டிக்கொண்டே இருந்தான்.

தங்கராசு பதினொரு படி உருண்டிருந்தான். இரண்டு மணிக்கட்டும் முறிந்தன. காலாக இருந்த கைகள் அவை. அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்த கொத்தனார், வருத்தத்தோடுதான், படிகளை எண்ணினார். தொண்ணூறு. நஷ்டம். "அதான் இப்படி ஆயிருச்சு" என்று ஊருக்கு இப்போதுதான் காரணம் விளங்கியது. வேறு ஆள் கிடைக்காமல் தலைவரையே தூக்கி மேலே வைத்தார்கள். தொண்ணூற்றொன்று.

அன்றைக்கு இறக்கி விட்ட பிறகு அமலோற்பவம் யாரையும் தன்னைத் தொட விடவில்லை. பூரணம் மகனைக் கூட்டிக்கொண்டு வருவதை நிறுத்தினாள். "எம் முட்டி தேஞ்சு போச்சு தாயி. எனக்குப் பின்னால இவனுக்கு யாரு? அத நெனச்சா ஒரு படி ஏறப் பயமா இருக்கு" என்று தெருவில் நின்று அழுதாள். காதர் மைதீனால் இருபது படிக்கு மேல் ஏற முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நோட்டில் இரண்டு வாரம் மூன்று பெயர், ஒரு வாரம் ஒரே பெயர், அது அவளுடையது. செல்லக்கனி வீட்டுக்குள்ளே ஜன்னல் துணியை இழுத்து இழுத்துக் கிழித்துவிட்டான் என்று கேள்விப்பட்டாள்.

தை இரண்டாம் தேதி வந்தது. கோலமும் கரும்புத் தோகையும் தெருவில் கிடந்தன. சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் ஊர் படியேறியது. ஏற முடியாத பெரியவர்கள் பதினான்கு பேரைத் தூக்கி ஏற்றினார்கள், தூக்கத் தூக்கப் படிகள் நூற்றைந்தாயின. சுடலைமுத்துவையும் இசக்கியையும் தலைவர் முன்னாடியே மேலே வரவழைத்துவிட்டார். மழைக்கு ஒரு கல்லூரிப் பையன். திரைக்கு மோட்டார். நீதிபதி மட்டும் வர வேண்டும்.

கீழே அமலோற்பவம் வண்டியில் இருந்தாள். பக்கத்தில் காதர் மைதீன். தங்கராசின் மனைவி மாவு மில்லிலிருந்து ஒரு தள்ளுவண்டியை வாங்கி, அதில் மெத்தை போட்டு, இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு இருந்த புருஷனைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். கடைசி நேரத்தில் பூரணமும் செல்லக்கனியும் வந்தார்கள், "சும்மா பாத்துட்டுப் போறோம்" என்று.

மாடசாமி சரியாகாத தோளோடு வந்து குனிந்து கையை நீட்டினான். "வாங்கக்கா. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. இந்த ஒரு தரம்."

"தொடாத மாடசாமி."

"ஒரு படிதானக்கா கூடும். கோவிச்சுக்காதீங்க."

காதர் மைதீன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். அவர் நடுக்கத்தில் வண்டியே நடுங்கியது. "தங்கச்சி, யோசிச்சுக்கோ. நீ போனா நாடகம் நடந்ததுன்னு கணக்கு. மன்றம் நமக்கு. போகலன்னா பேர அடிச்சிருவாங்க. நமக்கு இனி தொட்டியடியும் கெடையாது. இந்தப் பிள்ளைய நான் எங்க வரச் சொல்லுவேன்?" செல்லக்கனியைக் காட்டினார். அவன் கைகளை விரித்துக் காட்டினான். கழுவியிருந்தான்.

அன்றைக்கும் அவள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. மூன்று வருஷமாக வேண்டியது மேலே விளக்குப் போட்டு இருந்தது. ஒரு தரம் கண்ணை மூடினால் போதும்.

"நான் ஏறினா நூத்தி ஆறு பாய்," என்றாள். "நூத்தி ஆறு நஷ்டம். கொத்தனார் இன்னொருத்தரைத் தேடி இறங்கி வருவாரு. இங்க தூக்குறதுக்கு வேற யாரு கெடக்கா?"

எல்லோரும் தள்ளுவண்டியைப் பார்த்தார்கள். தங்கராசு மாவுக்கட்டுப் போட்ட கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"விசில் குடுங்க பாய்."

"எங்கம்மா? இங்கயா?"

"இங்கதான். மழை வந்துட்டாரு, நீதிபதி வந்தாச்சு. ரெண்டு விசில்."

காதர் மைதீன் இரண்டு விசில் கொடுத்தார். இரண்டு தரம் டார்ச் அடித்தார். நடுங்குகிற கையில் வெளிச்சம் படிகளின் மேல் துள்ளித் துள்ளி ஏறியது.

மேலே, வாசலில் நின்ற இசக்கி வெளிச்சத்தைக் கண்டாள். உள்ளே நின்ற சுடலைமுத்து விசிலைக் கேட்டான். தலைவர் என்ன என்று கேட்பதற்குள் அவன் டவாலிப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு நூற்றைந்து படியும் இறங்கி வந்தான். வந்து தரையில் கால் வைத்து நின்று, "மழை! மழை! மழை!" என்று மூன்று தரம் கூப்பிட்டான். தங்கராசின் மனைவி தள்ளுவண்டியைச் சரளைக் கல்லில் தடதடவென்று உருட்டினாள். திரை இல்லை. செல்லக்கனி சுற்றுமுற்றும் பார்த்தான். தாயின் முந்தானையைப் பிடித்து ஒரே இழுப்பு. பூரணம், "ஏ பாவி!" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

படிகள் நூற்று மூன்று.

சத்தம் கேட்டு மேலே இருந்து எட்டிப் பார்த்தார்கள். அத்தனை உயரத்திலிருந்து முகம் தெரியவில்லை, வசனம் கேட்கவில்லை. சுக்குக் காப்பி அம்மாள்தான் முதலில் அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி வந்து சரளையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நூற்றிரண்டு. வத்தல்காரக் குடும்பம் நான்கு பேர். தொண்ணூற்றெட்டு. வீட்டுக்குப் போவதற்காக இறங்கியவர்களால் என்றைக்கும் குறையாத படி, உட்காருவதற்காக இறங்கியவர்களால் குறைந்தது. தூக்கி ஏற்றப்பட்ட கிழவி ஒருத்தி, யாரையும் கூப்பிடாமல், உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாகத் தேய்த்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அவளைத் தாண்டாமல் அவள் வேகத்துக்கே வந்தார்கள். படிகள் குறையக் குறைய மன்றம் கீழே வந்தது, கீழே வரவரக் கீழே நடப்பது மேலே தெரிந்தது, தெரியத் தெரிய இன்னும் ஆட்கள் எழுந்தார்கள். எண்பது. எழுபது. ஐம்பத்தாறு. தங்கராசு மழையாகக் கேட்டான்: "பெய்யலைன்னு கேஸ் போட்டீங்களே, எனக்காக எவனாவது ஒரு குடத்த வெளியே வச்சீங்களா?"

நீதிபதி தீர்ப்புச் சொன்னாள். மைக் இல்லை. தண்ணீர் குடிக்காத தொண்டை. ஆனாலும் சொன்னாள்:

"மழைன்னா இறங்கித்தான் வரணும். ஏறிப் போய் இதுவரைக்கும் யாரும் நனைஞ்சதில்ல."

அந்த நேரத்தில் கொத்தனார் வேலாயுதம் மேலே வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஆட்கள் இறங்க இறங்க லாபமும் நஷ்டமும் மாறி மாறி வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. நாற்பத்து மூன்று, லாபம்; நாற்பத்திரண்டு, ஐயோ; நாற்பத்தொன்று. அவர் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார்.

"நில்லுங்க! லாபத்துல நிக்குது! இனி ஒருத்தர் இறங்கக் கூடாது!"

அவருக்குப் பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். தலைவர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்தார். மேடையில் நடக்காத நாடகம் நாடகமாகாது என்று எழுதி, குழுவின் பெயரைக் கமிட்டி அன்றைக்கே அடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி. மன்றத்தில் கல்யாணப் பந்தலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். படிகளுக்குக் கீழே, சரளை வெயிலில், அமலோற்பவம் வண்டியை நிறுத்திவிட்டு, சொம்பு நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நோட்டைப் பிரித்தாள். காதர் மைதீன், தங்கராசு, சுடலைமுத்து, இசக்கி, செல்லக்கனி, பூரணம், அவள். எட்டாவதாக மாடசாமி என்று எழுதினாள். அவன் கொஞ்சம் தள்ளி, தூக்குவதற்கு ஒன்றுமில்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். நாளைக்கு இங்கேயும் வேலி போட ஆள் வருவதாகச் சுடலைமுத்து சொன்னான்.

"அதுக்குள்ள எத்தனை பேரு இறங்கி வரணுங்க்கா?"

அவள் நிமிர்ந்து, அடியிலிருந்து வாசல் வரைக்கும், ஒன்றும் விடாமல் எண்ணினாள்.

"இன்னும் நாப்பத்தொரு பேரு."